முள் பாதியில் நின்ற வேன்

வேங்கிக்காலில் இருக்கும் அந்தப் பராமரிப்பு மையத்தில் நோயாளிகளை ஏற்றி இறக்க இரண்டு வேன்கள். ஒன்று பெரும்பாலும் மெக்கானிக் கடையில் கிடக்கும். மற்றொன்றை ஜானி பாஷாவும் மணிவேலும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். பாஷா காலையில் வந்ததும் டயரைப் பார்ப்பார், ஆயில் பார்ப்பார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். அப்புறம்தான் டீ. மணிவேல் வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் கட்டுவான். வண்டியைக் கவனிப்பது அவனுக்கு அத்தோடு முடிந்தது.

டீசல் முள் பழுதாகி மாதக்கணக்காகிறது. டேங்க் நிறைந்தாலும் பாதி காட்டும், காய்ந்தாலும் பாதிதான். மேலாளர் ராமகிருஷ்ணனிடம் பாஷா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

"ஓடுதில்ல பாய்? ஓடுற வண்டிய ஏன் நோண்டணும்?"

வேறு வழியில்லாமல் பாஷாவே ஓர் ஏற்பாடு செய்தார். டேங்கை நிரப்பியவர், ஓடிய தூரத்தைக் காட்டும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். நிரப்பாமல் அதைத் தொடக் கூடாது. மணிவேலும் தலையாட்டினான்.

பௌர்ணமியன்று காலை மீட்டர் இருபதுகூடக் காட்டவில்லை. நேற்று ஓட்டிய மணிவேல் டீசல் போட்டுவிட்டான் என்று நம்பி, பாஷா அடி அண்ணாமலைக்குக் கிளம்பினார். அங்கே இருக்கும் திரௌபதி அம்மாளுக்கு அன்று மருத்துவமனையில் டயாலிசிஸ். கிரிவலப் பாதையில் வண்டிகளைத் தடுப்பதற்குள் அவரை வெளியே கொண்டுவர வேண்டும். போன முறை தவறியதில் கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. இன்றும் தவறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மகள் தனத்தையும் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம்தான். வண்டி குலுங்கி நின்றது.

"இன்னா பாய், நின்னுடுச்சு?"

"நீங்க பேசாதீங்கம்மா. மூச்சு வாங்கும்."

இறங்கி டேங்கைத் தட்டினார். காலிக் குடம் போலச் சத்தம் வந்தது. போனை எடுத்தார்.

"ஏம்பா மணிவேல், நேத்து டீசல் போட்டியா?"

"இல்லயே பாய். பங்க்ல கூட்டம் ஜாஸ்தி. வெளியூரு வண்டிங்களா நின்னுச்சு."

"அப்புறம் மீட்டர எதுக்குடா பூஜ்யமாக்குன?"

"சாரோட மச்சான் வந்திருந்தாரு. வண்டியிலயே மலையச் சுத்திக் காட்டினேன். பதினாலு கிலோமீட்டர்னு நான் சொன்னேன். கம்மிதான்னாரு. அதான் அளந்து பாத்தோம். கரெக்டா பதினாலு பாய்!"

"அந்தப் பதினாலயே டேங்க்ல ஊத்தி எடுத்துகினு போறேன். வைடா போன!"

நடக்கிற கூட்டம் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனது. தூரத்தில் தடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கேன்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு குட்டியானை மினி லாரியைப் பாஷா நடுரோட்டில் நின்று மறித்தார். ஊசி குத்தும் இடது கையைத் தொடாமல், இடுப்பைத் தாங்கித் திரௌபதி அம்மாளை முன்சீட்டில் ஏற்றினார். தனம் பின்னால் ஏறிக்கொண்டாள். அவர்களை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுப் பாஷா வேனோடு நின்றார்.

மணிவேல் சொல்லி ராமகிருஷ்ணன் போனில் கூப்பிட்டார். "வண்டிய எடுக்கறப்ப டீசல் பாக்கறது டிரைவர் பொறுப்பு இல்லயா பாய்?"

"எதுல சார் பாக்கறது? முள்ளுலயா, உங்க மச்சான்கிட்டயா?"

போனை வைத்துவிட்டுப் பங்க்கைத் தேடி நடந்தார் பாஷா.

கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றியும் வண்டி எளிதில் கிளம்பவில்லை. குழாயில் காற்று புகுந்திருந்தது. கட்டைவிரல் வலிக்கும்வரை கைப்பம்பை அழுத்தினார். ஒருவழியாக இஞ்சின் பிடித்தபோது தனத்திடமிருந்து அழைப்பு வந்தது.

"மெஷின் போட்டுட்டாங்க பாய். இப்ப பரவால்ல."

பௌர்ணமி கழியும்வரை அந்த அம்மாள் மையத்திலேயே தங்குவார். மருத்துவமனையிலிருந்து மையத்துக்கு ஆட்டோ போதும். பாஷா முள்ளைச் சரிசெய்ய நேராக மெக்கானிக் கடைக்குப் போனார். டேங்க் கழன்று தரைக்கு வந்த பிறகுதான் ராமகிருஷ்ணனுக்கு போன் செய்தார்.

"யாரக் கேட்டுக் கழட்டுன?" என்று கத்தினார் அவர்.

"உங்களத்தான் சார். இத்தினி மாசமா கேட்டுகினுதான இருந்தேன்?"