மாமனார் கையில் ஒரு சீலைத் தலைப்பு

எங்கள் மாமனார் எதிரில் நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியது, கல்யாணமாகிப் பல வருசம் கழித்துத்தான். அதுவரை அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். சோறு ஆகிவிட்டதென்று வீட்டுக்காரரிடம் சொன்னால் அது அவர் காதிலும் விழும். அவரும் மகனைப் பார்த்தே பதில் சொல்வார். எங்களில் அதுதான் மரியாதை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டு மருமகள் என்று மோகனூர் கடைவீதியில் தலை நிமிர்ந்து நடந்தவள் நான்.

எங்களது வாய்க்கால் பாசனம். கரும்பு பூத்த மாதங்களில் விடிகாலைப் பனி இறங்கினால் பூ எது, பனி எது என்று தெரியாது. ஆலைப் பக்கமிருந்து பாகு மணம் மிதந்து வரும். அந்த வெள்ளைக்குள் மாமனார் மண்வெட்டியோடு போவார், ஆள் பாதி புகை பாதியாக. எந்த மடையைத் திறக்க வேண்டும், எதை அடைக்க வேண்டும் என்று அவர் காலுக்கே தெரியும்.

எழுபதுகள் முடிகிற சமயம், ஒரு காலையில் அவர் களத்துப் பக்கம் போகும் மடையைத் திறந்துவிட்டார். காயப்போட்டிருந்த நிலக்கடலை மொத்தமும் மிதந்தது. அவர் கரையில் நின்று, அது போகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் திறந்தது என்று எங்களையே கேட்டார்.

நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூளைக்குள் நூலைவிட மெல்லிசான நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொண்டே இருக்குமாம். அந்தத் தொடுப்புகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகின்றன என்றார். நேற்று நடந்தது முதலில் போகும், பழசு நெடுநாள் கிடக்கும், இதற்கு மருந்து கிடையாது என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு எங்கள் தோட்டமே கண்ணில் ஓடியது. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, வயலும் அங்கேயேதான் இருக்கிறது, நடுவில் வாய்க்கால் தூர்ந்துபோகிறது. அதிலும் புதிதாய் வெட்டினதுதான் முதலில் தூரும். பாட்டன் காலத்தது ஆழமாகக் கிடக்கும். மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடுகிற பனைகளுக்குத் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு பேர்கள் போயின. பேரன் பேர் போயிற்று, மகன் பேர் போயிற்று. ஒருநாள் காவிரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவரைப் பரிசல்காரர் கூட்டி வந்து விட்டார். அக்கரைக்குப் போய்த் தங்கச்சியை அழைத்துவர வேண்டும், முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்றாராம். அந்தத் தங்கச்சி, நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே, தலைப் பிரசவத்தில் போய்விட்டவள்.

மறுநாள் வீட்டுக்காரர் புதுக்கயிறு வாங்கி வந்தார். எல்லோரும் காட்டு வேலைக்குப் போகிற நேரம் அப்பனைக் கட்டிலோடு கட்டிவைப்பது, ஆறு கொண்டுபோவதற்கு அது மேல் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்கே தண்ணீர் முறை வைத்துக் கொடுத்த மனுசனை மாடு மாதிரிக் கட்டுவதா?

வாசலில் என் சிவப்புச் சீலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மாமனார் எழுந்து போய் அதன் ஒரு தலைப்பைக் கையில் பிடித்தார். கதவருகே நின்ற என்னை, அத்தனை வருசத்தில் முதல் தடவையாக, நேராகப் பார்த்தார்.

"அம்மிணி, அந்தத் தலப்பப் புடி. நல்ல நேரம் போவுது."

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் கூறைச்சீலையின் இரண்டு தலைப்பையும் ஆளுக்கொன்றாகப் பிடிப்பார்கள். பெண்டாட்டி வந்தாலும் பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்பது அதற்கு அர்த்தம். அவர் தன் கல்யாண மணவறையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

நான் தயங்கினேன். பிடித்தால் நான் அவருக்குத் தங்கச்சி, மருமகள் இல்லை. அத்தனை வருசம் கதவுக்குப் பின்னால் நின்று சம்பாதித்த இடம் அது. கயிறு வீட்டுக்காரர் தோளில் தொங்கியது. நான் போய் மறுதலைப்பைப் பிடித்தேன்.

"புடிச்சுட்டனுங்கண்ணா."

அவர் முகம் தெளிந்தது. கட்டிலில் உட்கார்ந்து பக்கத்தைத் தட்டிக் காட்டினார். நானும் உட்கார்ந்தேன்.

"மருமவ மாமனாருக்குச் சரியா உக்காரறதா? ஊரே சிரிக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"சிரிக்கட்டுமுங்க. கவுத்துல கட்டுனா மட்டும் ஊரு அழுவுமாக்கு?"

கயிறு கன்றுக்குட்டிக்குப் போயிற்று.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. கரும்பு வெட்ட வந்த பெண்கள் வீட்டுக்காரரைச் சும்மா விடவில்லை. "ஏனுங்க, உங்கப்பாருக்குத் தங்கச்சின்னா உங்களுக்கு அத்தையாச்சுங்களே, இனி அடங்கித்தான இருக்கோணும்" என்றாள் ஒருத்தி. அவரும் சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம் அந்தச் சிவப்புச் சீலையின் ஒரு தலைப்பு என் இடுப்பில், ஒரு தலைப்பு அவர் கையில். களை எடுக்கப் போனாலும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாலும் பின்னாலேயே வருவார். பனிக்குள் வரப்பில் நடக்கையில் எனக்கு அவர் தெரியாது, அவருக்கு நான் தெரியாது. நடுவில் துணி மட்டும் லேசாக இழுபடும், மீன் தொட்ட தூண்டில் மாதிரி. அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வரும். நாவல் மரத்தையும், செத்துப்போன காளையையும், நாங்கள் இரண்டு பேரும் ஆற்று மணலில் புதைத்துவைத்த ஏதோ ஒரு பொம்மையையும் பற்றிச் சொல்வார். நான் பார்த்தே இராத அந்தப் பொம்மைக்கு மஞ்சள் பாவாடை என்று நானும் சொல்வேன். இல்லை, பச்சை என்பார்.

கடைசியில் அவர் நினைவிலிருந்து அம்மிணியும் போய்விட்டாள். பேச்சும் நின்றது. துணியைக் கையில் வைத்தால் மட்டும் விரல்கள் மூடிக்கொள்ளும்.

ஒரு மாசி மாதக் காலையில் அந்தக் கை மூடினபடியே குளிர்ந்திருந்தது. குளிப்பாட்ட வந்தவர்கள் விரலைப் பிரித்துத் துணியை எடுக்கப் பார்த்தார்கள். வேண்டாமென்று தடுத்தது நானில்லை, வீட்டுக்காரர். உள்ளே போய் அரிவாள் எடுத்து வந்து, தகப்பன் கையில் இருந்ததை விட்டுவிட்டுச் சீலையை அறுத்தார், கொஞ்சம் தாராளமாகவே.

மிச்சத்தை நான் பல வருசம் கட்டினேன். முந்தானை சற்றுக் குட்டையாகத்தான் நிற்கும்.