சிவப்பு ‘ப்’

பதுளையில் எங்கள் கராஜின் பலகையில் ‘விபத்துப் பழுது பார்க்கப்படும்’ என்று நீலத்தில் எழுதியிருக்கும். ‘விபத்து’க்கு அடுத்து வரும் ‘ப்’ மட்டும் சிவப்பு. இடம் போதாமல், பண்டாரவளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவனைப்போல ஒற்றைக்காலில் நிற்கும். பலகையை எழுதியவன் நான். முதலில் அந்த எழுத்தை விட்டவனும் நானே. நசுங்கிய எதையும் தட்டி நிமிர்த்திவிடுவேன், என் தமிழைத் தவிர.

சிவப்புக்குக் காரணம் கிளார்க் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் மற்றவர்களின் கடிதங்களைத் திருத்தியே ஓய்வுபெற்றவர். நமுனுகுல மலைப்பாதை வளைவொன்றில் அவருடைய மகளின் கார் சறுக்கி, பக்கவாட்டில் பாறையில் இடித்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தூண் உள்ளே போயிருந்தது. காரோடு வந்தவர், காரைக் காட்டுவதற்கு முன் பலகையைக் காட்டினார்: “தம்பி, உதிலை ஒரு ‘ப்’ விழுந்துபோச்சு. முதல்லை அதைத் திருத்தும்.”

அது புதுரக ஜப்பான் கார். அந்தத் தூணை எப்படிச் சரிசெய்வது என்பது கம்பெனியின் கையேட்டில் இருக்கும். கையேடோ வெளிக் கராஜ்காரன் கண்ணில் படாது. கொழும்பு ஏஜண்டிடம் கேட்டேன். “காரைக் கொண்டு வாங்க” என்றார்கள். கையேட்டைக் கேட்டால் காரைக் கேட்கிறார்கள்! கடைசியில், ஜப்பானில் கராஜ் வேலை பார்க்கும் என் மச்சான் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினான். எல்லாம் ஜப்பானிய எழுத்து. ஃபோனிலேயே தமிழாக்கினேன். ‘இந்தக் கோட்டில் தூணை வெட்டக்’ என்பதோடு திரை முடிந்தது.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. தூணில் கோடு போட்டு, இரும்பு வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுத்தேன். பழைய டயரில் உட்கார்ந்து என் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா, “பொறும், ‘வெட்டக்’ எண்டெல்லோ இருக்கு” என்றார்.

“வெட்டுகன்னு சொல்ல வந்திருக்குங்க. ஃபோனு எழுத்துப்பிழை விட்டுருச்சு.”

“பிழை விடுறது நீர். இந்த ‘க்’ ஆரைப் பாத்துக்கொண்டு நிக்குது?”

“பஸ்ஸுக்கு நிக்குதுங்க ஐயா.”

அவர் சிரிக்கவில்லை. திரையை விரலால் மேலே தள்ளினார். பஸ் வந்தது: ‘கூடாது.’ பின்னாலேயே விளக்கமும் வந்தது. அது தனி ரக உருக்கு. வெட்டி ஒட்டினால் வலு போய்விடும், அடுத்த இடியில் உள்ளே இருப்பவர்மேல் மடிந்துவிடும், முழுத் தூணையும் மாற்ற வேண்டும். அவருடைய மகள் தினமும் மொனராகலைக்கு வேலைக்குப் போவது அந்தக் காரில்தான். கிரைண்டரைக் கீழே வைத்தேன். ஐயாவுக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தேன்.

“தமிழிலை கடைசிச் சொல்லு வருமட்டும் ஒண்டையும் வெட்டாதையும்” என்றார் ஐயா.

முழுத் தூணையும் மாற்றினோம். அன்றே, கையில் கிடைத்த சிவப்புப் பெயிண்டால் ‘ப்’பையும் போட்டேன்.

ஐயா இப்போது யாழ்ப்பாணத்தில். போன மாதம் மகள் அதே காரில் வந்து, பலகையைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினார். பாராட்டு வரும் என்று காத்துநின்றேன். உடனே பதில் வந்தது: “‘ப்’ சரி. ‘பழுதுபார்க்கப்படும்’ சேர்த்து எழுதவேணும்.”

கேட்டாலும் கம்பெனி கையேடு தருவதில்லை; ஐயா கேட்காமலே தருகிறார். நீலப் பெயிண்ட் வாங்கியாயிற்று, பலகையை அழித்து எழுதப்போகிறேன். ‘ப்’ மட்டும் சிவப்பாகவே நிற்கும்.