சனிக்குப் பிரியமான கல்

குரோம்பேட்டையில் அந்த ராசிக்கல் வியாபாரிக்கு நரைத்த தாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஒரு கல்லைக் கொடுத்தனுப்பினால், வாங்கியவர் வந்து பதில் சொல்லும்வரை அதன் டப்பாவை மூடமாட்டார். அது மேசைமேல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த என் மைத்துனன், தைரியத்துக்கு நீலக்கல் வேண்டுமென்று என்னையும் இழுத்துப் போனான்.

"மூணு நாள் கையில கட்டிப் பாருங்க சார். ஒத்துக்கலைன்னா கொண்டாந்துடுங்க," என்றார் வியாபாரி.

அரசுப் பணியில் நாங்கள் மனிதர்களுக்கு வைத்த தகுதிகாண் பருவத்தை இவர் கல்லுக்கு வைத்திருந்தார்.

"சஃபையர்ங்கிறது கிரேக்கச் சொல், பாய். நீலக்கல்னு அர்த்தம், அவ்வளவுதான்," என்றேன்.

"அதுக்கும் முன்னாடி சமஸ்கிருதத்துல சனிப்பிரியம்னு இருந்துச்சாம் சார். சனிக்குப் பிரியமானது. நமக்கும் பிரியமான்னு மூணு நாள்ல தெரிஞ்சிடும்."

"நான் கொண்டுவர மறந்துட்டா?" என்று மைத்துனன் சிரித்தான்.

"கல்லு வந்துடும் சார். சில நேரம் வேற யாராவது எடுத்தாருவாங்க."

கல்லைக் கட்டிய மூன்றாம் நாள் காலை மைத்துனன் எழுந்திருக்கவில்லை. கோளாறு இதயத்தில், கல்லில் அல்ல. கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

காரியம் முடிந்து கடைக்குப் போனபோது டப்பா திறந்தே இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. இதையெல்லாம் நம்பாத நான் கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அவர் கைக்குட்டையோடு அதை உள்ளே வைத்து மூடினார். கைக்குட்டையை நானும் கேட்கவில்லை.