ஆடாஆடி

சௌந்தரராஜனுக்கு வங்காள பாஷை நன்றாகத் தெரியும் என்பது கல்கத்தாத் தமிழர்கள் யாரும் சோதித்துப் பார்க்காமலே நம்பிய சங்கதி. அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டு உத்தியோகம். சால்ட் லேக்கில் குவார்ட்டர்ஸ். மாற்றலாகி வந்தபோது இடுப்பில் இருந்த மகள் மேக்னா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். காய்க்காரரிடம் "கொதோ?" என்று விலை கேட்பார். ஆட்டோவில் "ஏகானே" என்று சொல்லி இறங்குவார். மற்றதையெல்லாம் இரண்டு "ஹ்யா, ஹ்யா"வும் ஒரு தலையாட்டலும் பார்த்துக்கொள்ளும். புதிதாக வரும் தமிழர்களிடம், "பாஷை என்ன சார், காதைக் குடுத்தா தானா ஒட்டிக்கும்" என்பார்.

அவருடைய இன்னொரு பெருமை வீடியோ. தமிழ்ச் சங்கத்தில் எந்த விழா நடந்தாலும் கைப்பேசியோடு முதல் வரிசைக்கு முன்னால் போய் நிற்பார். பின்னால் இருப்பவர்களுக்கு மேடை தெரியாது, அவர் முதுகு தெரியும். நின்று நின்றே அது அவர் பொறுப்பாகிவிட்டது.

இந்த வருஷப் பொங்கல் விழா பவானிபூரில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. பெண்கள் கும்மி ஆடினார்கள், மேக்னாவும் அவர்களில் ஒருத்தி. அதை வீடியோ எடுத்து, குடியரசு தினக் கூட்டத்தில் பெரிய திரையில் காட்டுவதாக ஏற்பாடு. கும்மிக்கு முன்னால், துறைமுகத்தில் வேலை பார்க்கும் பத்மநாபன் தன் மனைவி ரோஹிணியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இவ மேடை ஏறுறது இதான் முதல் தடவை சார். பாட்டும் இவதான் எடுத்துக் குடுக்கிறா. அடுத்த மாசம் பாரதீப்புக்கு மாத்தல் வேற. நான் உங்க வீடியோவுலதான் பாக்கணும்."

"கவலையே படாதீங்க. நானாச்சு."

அப்போதுதான் மைக்குக்கும் திரைக்கும் பொறுப்பான வங்காளிப் பையன் தபன் வந்து, "தாதா, ஆடாஆடி துல்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல் சௌந்தரராஜனுக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். பத்மநாபன் பக்கத்தில் நிற்கும்போது எப்படிக் கேட்பது?

"என்ன சொல்றான் சார்?"

"ஆட ஆட எடுக்கணுமாம். அவங்க ஆடுற பக்கமெல்லாம் நாமளும் கூடவே போகணுமாம். எனக்கே சொல்லித் தரான் பாருங்க!"

சொன்னபடியே செய்தார். கைப்பேசியை நட்டமாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆட ஆட எடுத்தார். மேடை நிறையப் பெண்கள். நிமிர்ந்த கைப்பேசியில் இரண்டு பேர் அடங்குவதே பெரும்பாடு. யாரோடு போவது என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. கை தானாக மேக்னாவோடு போயிற்று.

குடியரசு தினத்தன்று மண்டபச் சுவர் அகலத்துக்குத் திரை கட்டியிருந்தார்கள். வீடியோ ஓடியது. அவ்வளவு பெரிய திரையின் நடுவில் கதவிடுக்கு போல ஒரு படம், அதில் மேக்னா. இரண்டு பக்கமும் காலியாக இருக்கக் கூடாதென்று தபன் அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாகப் பரப்பியிருந்தான். ஆகவே அங்கேயும் மேக்னாவின் பச்சைப் பாவாடைதான் ஊதிப்போய் நின்றது. மற்ற பெண்கள் அவ்வப்போது ஒரு முழங்கையாக, ஒரு பின்னல் நுனியாக வந்து போனார்கள். கைக்குள் இருந்தபோது எவ்வளவு நன்றாக இருந்தது இந்த வீடியோ!

"சௌந்தரராஜன் சார், இது கும்மியா, உங்க வீட்டுக் கல்யாண ஆல்பமா?" என்று ஒருவர் கேட்க, மண்டபம் சிரித்தது.

"திரை சரியில்ல. அவன் என்னமோ தப்பாப் போட்டிருக்கான்" என்றார் சௌந்தரராஜன்.

தபனுக்குத் தமிழ் தெரியாது. தன்னைக் காட்டும் விரல் புரிந்தது. "ஆமி தோ போலேச்சிலாம்! ஆடாஆடி!" என்று கத்தினான். சொன்னேனே என்கிறான். கல்கத்தாவிலேயே வளர்ந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேக்னா அவர் காதருகே வந்தாள்.

"அப்பா, ஆடாஆடின்னா குறுக்கால. ஃபோனைப் படுக்க வெச்சு எடுக்கச் சொல்லியிருக்கான்."

 சௌந்தரராஜனின் இத்தனை வருஷ வங்காள பாஷையும் ஒரே சொல்லில் போயிற்று. அதையாவது சகித்துக்கொள்ளலாம். பத்மநாபன் எழுந்து வருவதைப் பார்த்ததும் எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. திட்டினால் தேவலை என்று நினைத்தார்.

பத்மநாபன் திட்டவில்லை. "ஓரத்துல ஒரு கை வந்துது பாத்தீங்களா சார், சிவப்புக் கண்ணாடி வளையல்? அது ரோஹிணிதான். அந்த இடத்தை மட்டும் வெட்டி அனுப்புறீங்களா? சிரிப்புல பாட்டுக் கேக்கல. பாட்டோட அனுப்புங்க சார், அவ குரல் இருக்கும்."

நாற்காலியில் ரோஹிணி அதே வளையல்களோடு உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் மரியாதைக்குச் சிரித்தாள்.

சால்ட் லேக் பஸ்ஸில் மேக்னாவின் இயர்போனை வாங்கி, ஒன்றைத் தன் காதிலும் ஒன்றை அவள் காதிலுமாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தைத் தேடினார். ரோஹிணியின் குரல் கணீரென்று எடுத்துக் கொடுத்தது. சிவப்பு வளையல் கை வந்தது. கூடவே, பாட்டுக்கு மேலே, அவருடைய குரலும் வந்தது.

"ஓரத்துல நிக்கிறவங்க கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா. மேக்னா மறையுறா."

கை ஓரடி விலகியது. அடி பிசகவில்லை, பாட்டும் நிற்கவில்லை. பிறகு அந்தக் கையும் இல்லை.

சொன்னது அவருக்கு மறந்தே போயிருந்தது. அவளுக்கு எப்படி மறக்கும்? அத்தனை பேர் சிரித்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லையே. மேக்னா இயர்போனைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தன் குரலை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று பார்த்தார். முடியாது, ஓசையை எடுத்தால் ரோஹிணியும் போய்விடுவாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, அப்படியே அனுப்பினார்.

பஸ் உல்டாடங்காவைத் தாண்டுவதற்குள் பத்மநாபனிடமிருந்து பதில் வந்துவிட்டது.

"கை நல்லாத் தெரியுது சார். ரோஹிணி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா."