ஐந்து கட்டை மோட்டார்

நான் எழுதியவற்றில் ஒரு வாசகர் திரும்பத் திரும்பப் படித்தது ஒன்றே ஒன்றுதான். என் மகளின் பழைய சிலேட்டில் சாக்பீஸால் எழுதியது: ‘நாலு நிமிஷம் மோட்டாரை நிறுத்தவும்.’ அந்த ஒரே வாசகர், திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தில் குறுவை நெல் போட்டிருந்த விவசாயி. அவருடைய மோட்டார் கொட்டகையில் நின்று கத்தினால் கத்துகிறவனுக்கே கேட்காது. அதனால்தான் சிலேட்டு.

பகலில் நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மீதி நேரத்தில் பாடலாசிரியர். இரண்டிலும் என்னை யாரும் விரும்பி அழைத்ததில்லை, அக்காவைத் தவிர. கூடப் பிறந்த அக்கா அல்ல. கேசட் காலத்தில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மேடையில் குதித்துப் பாடிய பாப் பாடகி. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். மூன்று வருடங்களுக்கு முன், அறுபதை நெருங்கும்போது, “இதோட ஸ்டுடியோ ஆல்பம் போதும், கடைசியா ஒண்ணு” என்றார். எட்டுப் பாட்டு. வரிகள் என்னுடையவை. விடுப்பு எழுதிக் கொடுத்தபோது தலைமையாசிரியர் காரணம் கேட்டார், சொன்னேன், மெய்யான காரணத்தை எழுதச் சொன்னார்.

சென்னை ஸ்டுடியோவுக்குப் போக அக்கா மறுத்துவிட்டார். முந்தைய ஆல்பத்தில் அவர் குரல் எட்டாத இடங்களையெல்லாம் கம்ப்யூட்டர் எட்டிக் கொடுத்திருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. யாரு பாடுனது?” என்று கேட்டாராம். கடைசி ஆல்பமாவது தன் தொண்டையில் வந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். எனவே அந்த விவசாயியின் வயலை ஒட்டியிருந்த அக்காவின் கிராமத்து வீட்டுக்குப் பின்னால் விதைநெல் வைக்கும் அறையில் தவிட்டு மூட்டைகளை அடுக்கி, கதவில் கோரைப்பாயைத் தொங்கவிட்டு, ஸ்டுடியோ ஆக்கினோம். சென்னையிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர் இரண்டு நாள் தும்மினார். மூன்றாம் நாள், அங்கே பல அறைகள் இவ்வளவு சுத்தமாகக் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஏழு பாட்டுகள் எப்படியோ முடிந்தன. எட்டாவதில் மாட்டிக்கொண்டோம். இருபது வயதில் பாடிய அதே ஆறரைக் கட்டைச் சுருதியில்தான் அக்கா இன்னமும் பாடிக்கொண்டிருந்தார். பல்லவியின் மூன்றாம் வரியில் குரல் மேலே ஏறும். ஏறிய இடத்தில் பிளக்கும். “சுருதியைக் கொஞ்சம் எறக்கலாமாக்கா?” என்று ஒலிப்பதிவாளர் ஒருமுறை கேட்டார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வைக்குப் பிறகு இரண்டாம் முறை கேட்கவில்லை. பழி மோட்டார் மேல் விழுந்தது. “அந்தச் சத்தம் காதுல இரைஞ்சுகிட்டிருந்தா எனக்கு எப்படிங்க சுருதி நிக்கும்?” நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினேன். வயல்காரர் நிறுத்தினார். நிறுத்திய பிறகும் குரல் பிளந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று நாள் இப்படி.

நான்காம் நாள் வயல்காரர் கொட்டகைக்கு வெளியே வந்தார். “சார், மூணு ஃபேஸ் கரண்டு வர்றதே பகல்ல கொஞ்ச நேரம். ஆத்துத் தண்ணி இன்னும் நம்ம வாய்க்காலுக்கு வரலை. பயிரு தொண்டைக்கதிர்ல நிக்குது. கதிர் வெளிய வர்ற நேரத்துல காஞ்சா பூராவும் பதராப் போயிடும்.”

“நாலு நிமிஷம்தானே கேக்குறோம்?”

“உங்க நாலு நிமிஷம் நேத்து ஒண்ணேகால் மணி நேரம் ஓடிச்சு. நீங்க கணக்கு வாத்தியாராமே?”

என் மாணவர்கள்கூட என்னை இவ்வளவு சுருக்கமாக மடக்கியதில்லை. திரும்பி வந்து சொன்னேன். “விடுங்கக்கா, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்” என்றார் ஒலிப்பதிவாளர். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினார். சண்டைக்குப் போகிறார் என்று பயந்து, சிலேட்டோடு பின்னால் ஓடினேன்.

சண்டை நடக்கவில்லை. கொட்டகைச் சுவரில் கையை வைத்து, கண்ணை மூடி நின்றார். உதடு மட்டும் அசைந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வயல்காரர் சங்கடப்பட்டு, சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். அக்கா என்னிடமிருந்து சிலேட்டைப் பிடுங்கி, முந்தானையால் என் எழுத்தை அழித்துவிட்டு ஒரே ஒரு சொல் எழுதிக் காட்டினார்: ‘ஓடட்டும்.’

அறைக்கு வந்ததும், “மோட்டாரு அஞ்சு கட்டைக்கு மயிரிழை மேல நிக்குது. கீபோர்டை அதுக்கு ட்யூன் பண்ணுங்க” என்றார்.

“ஒன்றரைக் கட்டை எறங்குதேக்கா?”

“அவர் மோட்டாரு ஏறி வராது. நாமதான் எறங்கிப் போகணும்.”

தன் குரலுக்காக இறங்கச் சொன்னபோது முடியாதது, ஆறு மா பயிருக்காக என்றதும் முடிந்துவிட்டது. வயதுக்கு விட்டுக்கொடுப்பது வேறு, பக்கத்து வயலுக்கு விட்டுக்கொடுப்பது வேறு. எனக்கும் ஒலிப்பதிவாளருக்கும் இது புரிந்தது. இருவரும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. என் வாழ்நாளில் நான் காட்டிய நாகரிகங்களில் அதை முதலில் வைப்பேன்.

கோரைப்பாயைச் சுருட்டிக் கதவைத் திறந்தோம். ஜன்னலில் ஒரு மைக்கை மோட்டார் பக்கம் திருப்பி வைத்தார் ஒலிப்பதிவாளர். இரைச்சல் உள்ளே வந்து, தம்பூராவைப் போல அடியில் உட்கார்ந்துகொண்டது. அக்கா பாடினார். மூன்றாம் வரிக்கு முன் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வரி முடிந்து சரணம் வந்த பிறகும் விட மறந்திருந்தேன். குரல் பிளக்கவில்லை. நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு கனம் அதில் இருந்தது. ஒரே டேக். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “மத்த ஏழையும் இதே சுருதியில முதல்லேருந்து பாடிடலாம்” என்றார். ஒலிப்பதிவாளர் வெளியே போய், வருவதற்கு இன்னும் பத்து நாளாகும் என்று மனைவிக்குப் போன் செய்தார். நான் விடுப்பை நீட்டினேன்.

ஆல்பம் உலகத்தைப் புரட்டிவிடவில்லை. கேட்டவர்கள் எட்டாம் பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். கலைஞர்கள் பட்டியலில் ‘சுருதி: ஏழரை ஹெச்.பி. மோட்டார்’ என்று போட்டு, வயல்காரர் பெயரையும் சேர்த்திருந்தோம். என் பெயருக்கு மேலே.

போன மாதம் போயிருந்தேன். அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், ஆல்பம் இல்லை. ஆனால் மூணு ஃபேஸ் வந்து மோட்டார் ஓடத் தொடங்கினால், ஜன்னலைத் திறந்துவைத்துப் பாட உட்கார்ந்துவிடுகிறார். புதுசு புதுசாகப் பாடுகிறாராம். கொட்டகையை எட்டிப் பார்த்தேன். என் சிலேட்டு சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. வயல்காரர் தன் கையால் எழுதியிருந்தார்: ‘அக்கா பாடுறாங்க. மோட்டாரை நிறுத்த வேண்டாம்.’

அவரை வெளியே கூட்டிவந்து, யாருக்கு இது என்று கேட்டேன்.

“நம்ம பெரியவன் சிங்கப்பூர்லேருந்து லீவுல வந்திருக்கான் சார். வயல் நெறைஞ்சதும் பட்டுன்னு நிறுத்திடுறான். பாட்டு முடியட்டும்டான்னு கத்துறேன், எங்க கேக்குது?”