மடித்த இலைக்குள்

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டுக் கடை நடத்தினோம். காப்பார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழை இலை வரும். சாப்பிட்ட இலைகளை வாளியில் சேர்த்து வைப்போம். பால்காரர் தம் மாடுகளுக்கு எடுத்துப் போவார். அந்த மாடுகளின் பால்தான் எங்கள் தேநீருக்கு. எதுவும் வீணாகாது என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

ஒரு மழைக்காலத்தில் இலை விலை ஏறியது. இலை மாதிரியே வெட்டிய பச்சைப் பிளாஸ்டிக் தாளைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்தார் என் வீட்டுக்காரர். பாதி விலையாம்.

"கூட்டமா இருக்கிறப்ப மட்டும் போடுவோம். யாரு கேக்கப் போறா?" என்றார். உலகத்திலேயே தான்தான் புத்திசாலி என்ற முகம். நானும் தலையாட்டினேன், அதை மறைக்க மாட்டேன்.

நம் ஆட்கள் சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தங்கள் பக்கமாக மடித்துவிடுவார்கள். பழக்கதோஷம், தாளையும் மடித்தார்கள். குழம்பு ஊறிய பிறகு எது இலை, எது தாள் என்று யார் பிரிப்பது? எல்லாம் ஒரே வாளிக்குப் போனது.

சில வாரங்களில் ஒருநாள் பால் வரவில்லை. மறுநாள் பால்காரர் வாளியை மட்டும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பந்தாகச் சுருண்ட பச்சைத் தாள்.

"டாக்டர் வயித்தைக் கிழிச்சு எடுத்தாருண்ணே. சினை மாடு. பொழைக்குமான்னு தெரியல."

அவர் திட்டவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மிச்சத் தாளை அன்றே தூக்கிப் போட்டோம். மறுபடி வாழை இலைதான். கட்டுப்படியாக வேண்டுமே, அளவைக் கொஞ்சம் குறைத்து வெட்டினோம்.

"என்ன பாஸ், இலை சுருங்கிப் போச்சு?" என்று கேட்டார் ஒருவர்.

"சோறு சுருங்கலைலா, சாப்பிடுங்க," என்றேன் நான்.

வீட்டில் தன் தட்டைக்கூட எடுத்து வைக்காத மனுஷன், அதற்குப் பிறகு தினமும் பின்கட்டில் உட்கார்ந்து மடித்த இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ரப்பர் வளையம், பல்குச்சி எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தார். நான் கிண்டல் செய்தேன். உள்ளுக்குள் அவர்மேல் எனக்கு அப்படி ஓர் ஆசை.

இரண்டு மாதம் கழித்துப் பால்காரர் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தார்.

"அந்த மாடு கன்னு போட்டிருச்சுண்ணே. சீம்பால். மொதல்ல உங்களுக்குத்தான்."

என் வீட்டுக்காரர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் ஆள் இருக்கும்போதே அழுதார்.