மஞ்சள் துணி கட்டிய வேம்பு

நான் மிஷன் பள்ளி ஒன்றில் தாவரவியல் வாத்தியார். மரம் நடும் விழா என்றால் மைக் என் கைக்குத்தான் வரும். வருடா வருடம் ஒரே பேச்சுதான். மரத்தைக் காப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும் என்று உரத்த குரலில் முடிப்பேன். பிள்ளைகள் பலமாகக் கை தட்டுவார்கள். வெயிலில் நின்றவர்கள் பேச்சு முடிந்ததற்காகத்தான் தட்டினார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

இப்பேர்ப்பட்டவன் மதுரைக்கு வெளியே பரவை தாண்டி ஒரு மனை வாங்கினேன். மனையின் முன்பக்கம் ஒரு வேம்பு நின்றது. எனக்கு மனை பிடித்தது, என் மனைவிக்கு வேம்பு பிடித்தது. ஆரப்பாளையத்தில் வரிசை வீடு ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

"எனக்கு மாடி வேணாம், மார்பிள் வேணாம். இந்த மரம் நம்ம வாசலுக்குள்ள நிக்கணும். சாயங்காலம் அதுக்கடியில நான் காலை நீட்டி உக்காரணும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று கேட்டது அநேகமாக அது ஒன்றுதான். அதற்கென்ன என்று வாக்குக் கொடுத்தேன். மரத்துக்காக பிளானில் ஹாலை மூன்றடி உள்ளே தள்ளினோம்.

கொத்தனாருக்கு மரம் பிடிக்கவில்லை. வீடு கட்டியே தலை நரைத்தவர். இடுப்பில் கை வைத்து அவர் ஒரு பார்வை பார்த்தால் நான் படித்த படிப்பெல்லாம் மறந்துபோகும்.

"சார், இம்புட்டு பெரிய மரத்த வச்சுக்கிட்டு வீடு கட்டுனா வேரு அஸ்திவாரத்த நெம்பிரும். ம்னு சொல்லுங்க, அரை நாள்ல சாச்சிருவோம்."

வேம்பின் வேரைப் பற்றி நாற்பது நிமிடம் பாடம் நடத்தத் தெரிந்த நான், "பாப்போம்ண்ணே" என்றேன்.

அந்தப் 'பாப்போம்' அவருக்குப் பாதிச் சம்மதமாகப் பட்டிருக்க வேண்டும். பள்ளி விட்டு நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கிளை குறைந்திருக்கும். "சாரம் கட்ட இடைஞ்சலா இருந்துச்சு சார்" என்பார். "அப்படியா" என்பேன். ஒருநாள் அடிமரத்திலேயே அரிவாள் வெட்டு ஒன்றைப் பார்த்தேன். மரம் போய்விட்டால் வீட்டுக்காரி முகத்தில் எப்படி விழிப்பேன்?

வாயைத் திறப்பதைத் தவிர மற்ற எல்லா வழிகளையும் யோசித்தேன். மஞ்சள் துணி கட்டிப் பொட்டு வைத்த வேம்பின் மேல் எங்கள் பக்கத்தில் யாரும் அரிவாளைப் போட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மனைவியை வீட்டில் இறக்கிவிட்டேன். நேரே பரவை மார்க்கெட் பக்கம் போய் மஞ்சள் துணியும் குங்குமமும் ஒரு எலுமிச்சம்பழமும் வாங்கினேன். சபையார் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு வேதாகமம் வைத்திருந்த பையிலேயே திணித்துக்கொண்டேன். மனையில் வேலையாட்கள் வராத நாள். கட்டத் தெரியாமல் கட்டி, மூன்று பொட்டு வைத்து, பழத்தை அடியில் வைத்துவிட்டு வண்டியை முறுக்கினேன்.

மறுநாள் கொத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடியில் நின்றிருந்தார். "யாரு கனவுலயோ ஆத்தா வந்திருக்கா சார். தெரியாம அருவா போட்டுட்டேன்" என்றவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது. அன்றைக்கு என்னைவிடக் கெட்டிக்காரன் மதுரையில் கிடையாது.

அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை தெருப் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றி எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. "இத யாருங்க ஆரம்பிச்சது?" என்று மனைவி கேட்டாள். "ஊர் வழக்கம்" என்று சொல்லிவிட்டுக் கூழைக் குடித்தேன்.

காம்பவுண்டு சுவருக்கு அளவுக் கயிறு பிடித்த அன்று அந்தப் பெண்களில் நான்கு பேர் வந்து நின்றார்கள். மூத்தவர்தான் பேசினார்.

"அண்ணே, ஆத்தாள உள்ள வச்சு கேட்டப் பூட்டிராதீங்க. அப்புறம் நாங்க எப்பிடி வந்து தண்ணி ஊத்துறது?"

அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. கும்பிடுகிறவர்களுக்கு அது சாமி. அதைத் தொடங்கி வைத்தவன் நான்தான் என்று சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. "அதுக்கென்னம்மா" என்றேன். கொத்தனார் கயிற்றை மரத்துக்கு வீட்டுப் பக்கமாக மாற்றிக் கட்டினார்.

சனிக்கிழமை மனைவி வந்தபோது சுவர் முழங்கால் உயரம் எழும்பியிருந்தது.

"மரம் வெளிய நிக்குது" என்றாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செங்கல் அடுக்கின்மேல் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். துணி, குங்குமம், பையில் ஒளித்தது, சுவர் நகர்ந்தது, ஒன்றையும் விடவில்லை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்படிதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வெட்டாதீங்கண்ணேன்னு ஒரே ஒரு வார்த்தை" என்றாள். "எனக்காக அத அந்த மனுசன்கிட்டச் சொல்ல ஒங்களுக்கு வாய் வரல. அம்புட்டுதான?"

"அப்படி இல்ல. அந்தக் கொத்தனார் இருக்காரே, அவரு..." என்று ஆரம்பித்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கலவை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், கூப்பிட்டீங்களா?"

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே, நீங்க வேலையப் பாருங்க" என்றேன்.